டேம்பரும் டெம்பரும்

"என்னங்க, நம்ம கார்ல அணில் ஏதாவது பூந்துடுச்சா?"

அம்பத்தூர் ஓ.டி. சிக்னலில் நின்றுகொண்டிருந்தபோது என் மனைவி கேட்ட கேள்வி இது. காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். கிச்... கிச்... கிச்... பானெட்டுக்குள்ளிருந்துதான் வந்தது. சந்தேகமே இல்லை, அணில்தான். குடும்பத்தோடு வந்திருக்கும் போலிருந்தது. ஒரு பொறுப்புள்ள குடும்பத் தலைவன் என்ன செய்ய வேண்டுமோ அதை உடனே செய்தேன். எஃப்.எம். ரேடியோவின் சத்தத்தைக் கூட்டினேன்.

அணில் காணாமல் போய்விட்டது.

என் காரின் கம்பெனிப் பெயரைச் சொல்லமாட்டேன். பாவம், அவர்கள் மேல் குற்றமில்லை. ஒன்பது வயசான டீசல் வண்டி. இரண்டு பேர் ஓட்டி அலுத்துப்போன பிறகு என்னிடம் வந்து சேர்ந்தது. நானோ பி.காம். எனக்குத் தெரிந்த ஒரே மெக்கானிசம் தேய்மானம். பிசினஸில் ஓடும் சாதாரண காருக்கு வருமானவரிக் கணக்கில் வருஷத்துக்கு 15 சதவிகிதம் தேய்மானம் எழுதலாம் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அந்தக் காருக்குள்ளே ஒரு ரப்பர் வளையம் இருக்கிறது, அது எந்தச் சதவிகிதத்துக்கும் கட்டுப்படாமல் தன் இஷ்டத்துக்குத் தேயும் என்று எந்தப் புரொபஸரும் சொல்லித் தரவில்லை.

ரேடியோ வைத்தியம் மூன்று வாரம் பலித்தது. அப்புறம் நடுக்கம் ஆரம்பித்தது. சிக்னலில் நின்றால் ரியர்வியூ கண்ணாடியில் பின்னால் நிற்கும் பஸ் இரண்டு பஸ்ஸாகத் தெரிந்தது. இனிமேல் டாக்டர்தான்.

முதல் டாக்டர் பானெட்டைத் திறந்த மாத்திரத்தில் சொல்லிவிட்டார். "பெல்ட்டு ஓரம் பிஞ்சிருக்கு பாரு சார்!" புது பெல்ட் 1,150 ரூபாய். அணில் எட்டு நாள் லீவில் போய்விட்டுத் திரும்பி வந்தது.

இரண்டாவது டாக்டர் ஒரு நீள ஸ்க்ரூ டிரைவரின் ஒரு முனையை எஞ்சின் மேலும் மறுமுனையைத் தன் காதிலும் வைத்து, ஸ்டெதாஸ்கோப் மாதிரி கேட்டார். முகம் சீரியஸானது. "ஆல்டர்னேட்டர் பேரிங் சார்." 4,800.

மூன்றாமவர் எதையும் கேட்கவில்லை. நடுக்கத்தைப் பார்த்தார். "எஞ்சின் மவுன்டிங்." 3,600. கழற்றிய பழைய மவுன்டிங்கை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு என் கையில் கொடுத்து, "ரப்பர் எப்படிப் போயிருக்கு பாருங்க" என்றார். நானும் பார்த்தேன். துக்க வீட்டில் தலையாட்டுவது மாதிரி இரண்டு தரம் ஆட்டிவிட்டு, பையை டிக்கியில் போட்டுக்கொண்டு வந்தேன்.

ஆக மொத்தம் 9,550 ரூபாய். டோட்டலுக்கு அடியில் இரட்டைக் கோடு இழுத்தேன். பி.காம். படித்ததன் பலன்.

ஒன்று சொல்லியாக வேண்டும். மூன்று பேரும் ஏமாற்றுக்காரர்கள் இல்லை. பெல்ட் ஓரம் நிஜமாகவே பிய்ந்துதான் இருந்தது. ஆனால் அது ஏன் பிய்ந்தது என்று யாரும் கேட்கவில்லை. பணம் கொடுத்த நானும் கேட்கவில்லை.

* * *

பூந்தமல்லியில் ஒரு ரிசப்ஷன். அப்பாவை மட்டும் அழைத்துக்கொண்டு ஆவடியிலிருந்து கிளம்பினேன். பட்டு வேஷ்டி, தோளில் துண்டு, கையில் மொய்க் கவர் சகிதம் அப்பா முன் ஸீட்டில். பருத்திப்பட்டு தாண்டியதும் பானெட்டுக்குள் 'பட்' டென்று ஒரு சத்தம். பாட்டரி விளக்கு சிவப்பாக எரிந்தது. ஸ்டியரிங் திடீரென்று ஆட்டுக்கல்லாகிவிட்டது. டெம்பரேச்சர் முள் மெல்ல எழுந்து நடக்க ஆரம்பித்தது.

"ஓரம் கட்டுடா" என்றார் அப்பா.

"இன்னும் கொஞ்ச தூரம்தாம்ப்பா, மண்டபம் வந்துடும்..."

"ஓரம் கட்டுன்னேன்ல!"

கட்டினேன். வண்டி நின்ற அடுத்த நொடி அவரே கையை நீட்டிச் சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்தார். அன்றைக்கு அவர் அதைச் செய்யாமல் இருந்திருந்தால் இந்தக் கட்டுரையை நான் எழுதியிருக்கமாட்டேன். பாங்க்கில் பர்சனல் லோனுக்கு அப்ளிகேஷன் எழுதிக்கொண்டிருந்திருப்பேன். எங்கள் வண்டியில் ஆல்டர்னேட்டர், பவர் ஸ்டியரிங், வாட்டர் பம்ப் எல்லாம் ஒரே பெல்ட்டில் ஓடுகிறவை. பெல்ட் போனால் தண்ணீர் சுற்றாது. தண்ணீர் சுற்றாத எஞ்சினை மண்டபம் வரை விரட்டினால் ஹெட் கேஸ்கெட் போகும். சில சமயம் ஹெட்டே வளைந்துவிடும்.

சூடு தணியட்டும் என்று கொஞ்ச நேரம் காத்திருந்தார். பிறகு பானெட்டைத் தூக்கி, என் செல்போன் வெளிச்சத்தில் எட்டிப் பார்த்தார். பெல்ட் நார் நாராகத் தொங்கியது. அதை அவர் கண்டுகொள்ளவே இல்லை. கீழே ஒரு இரும்புத் தகட்டின் மேல் மிளகுத்தூள் மாதிரி கறுப்பாக ஏதோ கிடந்தது. அதில் ஒரு சிட்டிகை எடுத்தார், விரலில் வைத்துத் தேய்த்தார், மூக்கருகே கொண்டுபோனார்.

"ரப்பர் செத்துப் போச்சுடா. பெல்ட்டு ரப்பர் இல்லை. டேம்பர் ரப்பர்."

"எதுப்பா?"

"கிராங்க் முனையில இருக்கே, டேம்பர் புல்லி. வெளி வளையம் ஒரு பக்கமா தள்ளிக்கிட்டு நிக்குது பாரு. பெல்ட்டு கோணலா ஓடி ஓடி ஓரம் பிய்ஞ்சிருக்கு. நீ புது பெல்ட் போட்டிருப்பே, அதுவும் பிய்ஞ்சிருக்கும்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பெல்ட் மாற்றிய கதையை நான் வீட்டில் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை.

"உங்களுக்கு எப்படிப்பா இதெல்லாம் தெரியும்?"

அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். கோபமில்லை. ஆச்சரியம்தான்.

"இருபத்தெட்டு வருஷம் இதைத்தானேடா பண்ணேன்!"

* * *

இங்கே ஒரு வாக்குமூலம். அப்பா அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை பார்த்தார் என்பது எனக்குத் தெரியும். காலை ரயிலில் ஆவடியில் ஏறிப் பட்டரவாக்கத்தில் இறங்குவார் என்பதும் தெரியும். அங்கே போய் என்ன செய்தார் என்று நான் கேட்டதே கிடையாது. சாயங்காலம் வரும்போது சட்டையில் கருகின ரப்பர் வாசனை வரும். அம்மா அதைத் தனி பக்கெட்டில் ஊறவைப்பாள். பள்ளிக்கூட ஃபாரத்தில் 'தந்தையின் தொழில்' என்ற இடத்தில் 'பிரைவேட்' என்று எழுதுவேன். காலேஜில் ஒரு பையன் கேட்டபோது, "ஆபீஸ்ல இருக்காரு" என்றேன். ரப்பர் வாசனை ஆபீஸுக்கு ஏது என்று அவன் கேட்கவில்லை. அவனுக்கு அந்த வாசனை தெரியாது.

அம்பத்தூரில் 1949-லேயே டி.ஐ. சைக்கிள் வந்துவிட்டது. 1961-ல் ஆவடியில் டாங்க் தொழிற்சாலை. 1960-களில் எஸ்டேட். ஒரு கார் ஓடுவதற்கு என்னென்ன வேண்டுமோ அதில் பாதி இந்தப் பக்கத்துச் சந்து பொந்துகளில்தான் தயாராகிறது என்று மேடையில் பேசச் சொன்னால் பேசுவேன். அதில் ஒரு சாமான் என் வீட்டுச் சாப்பாடாக மாறிக்கொண்டிருந்தது என்பது மட்டும் எனக்குத் தெரியாது.

டோ வண்டி வர ஒரு மணி நேரம் ஆகும் என்றார்கள். பக்கத்து டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தோம். அப்பா தோளிலிருந்த துண்டை எடுத்து, ஒரு முனையை என் கையில் திணித்தார்.

"இதுதான் கிராங்க் ஷாஃப்ட். இறுக்கிப் பிடி." மறுமுனையை ஈரத்துணி பிழிகிற மாதிரி முறுக்கினார். "சிலிண்டர்ல டீசல் வெடிக்கறப்பல்லாம் ஷாஃப்ட்டை ஒரு அடி அடிக்குது. அடி விழுந்தா இப்படி முறுக்கிக்கும். உடனே திரும்பும். மறுபடி அடி, மறுபடி முறுக்கு. இரும்புதானேன்னு நினைக்காதே. கண்ணுக்குத் தெரியாத அளவு இரும்பும் முறுக்கும்."

கணக்கு என்றால் நமக்கு வரும். நாலு சிலிண்டர் எஞ்சினில் ஒரு சுற்றுக்கு இரண்டு வெடி. சிக்னலில் நிற்கும்போது நிமிஷத்துக்கு 800 சுற்று என்றால் நொடிக்கு 27 அடி. பைபாஸில் 3,000 சுற்று என்றால் நொடிக்கு 100 அடி. நான் மொத்தமே ஒரு அப்ரைசல் அடிதான் வருஷத்துக்கு வாங்குகிறேன், அதற்கே முறுக்கிக்கொள்கிறேன்.

"ஊஞ்சலைச் சரியான சமயம் பார்த்துத் தள்ளினா என்ன ஆகும்?" என்றார் அப்பா.

"மேல மேல போகும்."

"அதேதான். ஏதோ ஒரு வேகத்துல அடியும் முறுக்கும் சேர்ந்துக்கும். ஆட்டம் ஏறிக்கிட்டே போகும். அப்படியே விட்டா ஷாஃப்ட் ஒரு நாள் 'படக்'. அதுக்குத்தான் முனையில இந்தப் புல்லி. நடுவுல ஒரு இரும்பு, வெளியில கனமா ஒரு இரும்பு வளையம், ரெண்டுக்கும் நடுவுல ரப்பர். ஷாஃப்ட் வெட்டி வெட்டி ஆடும். வெளி வளையம் கனம் பாரு, அதால சட்டுனு ஆட முடியாது. நான் ஒரே சீராத்தான் சுத்துவேங்கும். ரெண்டுக்கும் நடுவுல மாட்டிக்கிட்டு ரப்பர் நசுங்கும். அந்த ஆட்டத்தையெல்லாம் தான் வாங்கிச் சூடாக்கி வெளிய விட்டுடும்."

"புஸ்தகத்துல ஹார்மோனிக் பேலன்ஸர்னு போட்டிருக்கும்" என்று டீயை உறிஞ்சினார். ஆர்மோனியத்துக்கு உறவோ என்று கேட்க வாயெடுத்து, அடக்கிக்கொண்டேன். வீட்டுக்கு வந்து புரட்டிப் பார்த்ததில், இது நூறு வருஷத்துக்கு மேற்பட்ட தலைவலி என்று தெரிந்தது. ஆறு சிலிண்டர் கார்கள் வந்த புதிதில், நீளமான கிராங்க் ஷாஃப்ட்டுகள் காரணம் தெரியாமல் உடைந்திருக்கின்றன. 1910 வாக்கில் இங்கிலாந்தின் ஃபிரெடரிக் லான்செஸ்டர் ஒரு டேம்பர் செய்து காட்டினார். அவரிடம் ரப்பர் இல்லை; உராய்வை வைத்தே ஆட்டத்தை அடக்கினார். ரப்பர் பிற்பாடு வந்து சேர்ந்தது.

அன்று மொய் எழுதப் போக முடியவில்லை.

* * *

மறுநாள் ஆவடியில் ஒரு ஷெட். மெக்கானிக் அப்பாவைவிட இருபது வயசு சின்னவர். "அதெல்லாம் கழட்டிப் பார்த்துடலாம் பெரியவரே" என்றார்.

"கழட்டாமலே பார்க்கலாம்" என்ற அப்பா, என் பக்கம் திரும்பி, "உன் ஆபீஸ் பையில அழிக்கிற வெள்ளை இருக்கா?" என்றார்.

ஒயிட்னர்! லெட்ஜரில் நான் செய்த எத்தனையோ பாவங்களை மூடிய அதே ஒயிட்னரால் அப்பா புல்லியின் மேல் ஒரு கோடு போட்டார். நடு இரும்பில் ஆரம்பித்து, ரப்பர் மேலே ஏறி, வெளி வளையம் வரை நேர்க்கோடு. ஷெட்டில் கிடந்த பழைய பெல்ட் ஒன்றை மாட்டி, எஞ்சினை இரண்டு நிமிஷம் ஓடவிட்டு, நடுவில் இரண்டு தரம் உறுமவிட்டு அணைத்தார்கள். எல்லாரும் குனிந்து பார்த்தோம். நேர்க்கோடு இரண்டாகியிருந்தது. உள் பாதி ஒரு இடத்தில், வெளிப் பாதி ஒரு அங்குலம் தள்ளி.

செலவு மூன்று சொட்டு ஒயிட்னர். நான் 9,550 ரூபாய் கொடுத்துக் கண்டுபிடிக்காத வியாதி.

இந்தக் கோடு நகராவிட்டாலும் நிம்மதியாகிவிடக் கூடாதாம். ரப்பரில் வெடிப்பு இருக்கிறதா, பிதுங்கிக்கொண்டு வந்திருக்கிறதா, எண்ணெய் பட்டு ஊறியிருக்கிறதா, ஓடும்போது எட்ட நின்று பார்த்தால் புல்லி வட்டமாகச் சுற்றுகிறதா, கிறுக்கன் மாதிரி ஆடுகிறதா, இதெல்லாமும் பார்க்க வேண்டும்.

பாட்டரி ஒயரைக் கழற்றி, முன் சக்கரத்தையும் அதற்குள்ளிருந்த பிளாஸ்டிக் மறைப்பையும் எடுத்தார்கள். நடு போல்ட் இம்பாக்ட் கன்னுக்குத்தான் மசிந்தது. சில எஞ்சின்களில் இதே போல்ட்தான் உள்ளே டைமிங் பல்சக்கரத்தையும் பிடித்துக்கொண்டிருக்குமாம். எஞ்சினைப் பூட்டாமல் அதைத் தளர்த்தினால், வால்வும் பிஸ்டனும் உள்ளே குடுமிப்பிடி சண்டை போடும். எங்கள் வண்டி அந்த ரகமில்லை என்பதை மானுவலில் பார்த்த பிறகுதான் அப்பா கழற்றவிட்டார்.

ஷெட் பையன் மூன்று கால் புல்லரை எடுத்து வந்து வெளி வளையத்தில் மாட்டப் போனான்.

"டேய், டேய்! அங்க இழுக்காதே!" அப்பாவின் குரலில் அப்படி ஒரு அதிகாரத்தை நான் வீட்டில் கேட்டதே இல்லை. வீட்டில் அவர் காப்பிக்குச் சர்க்கரை போதவில்லை என்றுகூடச் சொல்லமாட்டார். "வெளி வளையத்தை இழுத்தா நல்ல டேம்பரா இருந்தாலும் ரப்பர் பிய்ஞ்சுடும்பா. நடு இரும்புல ரெண்டு மரை ஓட்டை இருக்கு பாரு, அதுல போல்ட் மாட்டி இழு."

எங்களுடையதற்கு அந்த மரியாதை தேவைப்படவில்லை. வெளியே வந்ததும் வளையம் தனியே கழன்று பையன் கையோடு போய்விட்டது. ஷெட்டே ஒரு நிமிஷம் அமைதியாக நின்றது. அது பைபாஸில் நொடிக்கு 100 அடி வாங்கும் நேரத்தில் கழன்று பறந்திருந்தால்? என் மனைவியும் குழந்தையும் ஞாயிற்றுக்கிழமை அதே வண்டியில்தான் வந்தார்கள். நான் ரேடியோவைச் சத்தமாக வைத்திருந்தேன்.

அடுத்தது பாகம் வாங்குகிற படலம். மெக்கானிக் இரண்டு வழி சொன்னார். ஒன்று, புதுப்பேட்டையில் வேறு வண்டியில் கழற்றியது, 800 ரூபாய். இரண்டு, ரப்பரே இல்லாத முழு இரும்பு, 1,400 ரூபாய், "ஆயுசுக்கும் போகாது சார்!"

சிக்கனம் என் ரத்தத்தில் ஊறியது. ஆனால் அப்பா தலையை ஆட்டினார். "ரப்பருக்கு வண்டி ஓடினாத்தான் வயசாகும்னு இல்லை. சும்மா கிடந்தாலும் ஆகும். கழட்டினதுக்கு எத்தனை வயசோ யாருக்குத் தெரியும்? முழு இரும்பு போடலாம், பெல்ட்டு நல்லாத்தான் ஓடும். புல்லி ஆயுசுக்கும் இருக்கும். கிராங்க் இருக்காது. சில எஞ்சினுக்கு கம்பெனியே வெறும் இரும்புதான் போட்டிருப்பான், அதுக்கு அது போதும். ரப்பர் போட்டு அனுப்பினவன் காரணமாத்தான் போட்டிருக்கான்."

ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு போனோம். கடைக்காரர் கொடுத்த முதல் டப்பாவைத் திறந்து, அப்பா கட்டைவிரல் நகத்தால் ரப்பரை அழுத்தினார். முகர்ந்தார். விளிம்பில் ஒரு மயிரிழை வெடிப்பைக் காட்டித் திருப்பிக் கொடுத்தார். இரண்டாவது டப்பாவுக்கும் நகம், மூக்கு. அதை வாங்கிக்கொண்டார். 4,200 ரூபாய். நான் பெண் பார்க்கப் போனபோதுகூட அப்பா இவ்வளவு உன்னிப்பாக எதையும் பார்க்கவில்லை.

வந்த கையோடு உள்ளே இருந்த ஆயில் ஸீலையும் மாற்றச் சொன்னார். இவ்வளவு தூரம் கழற்றிவிட்டு அதை விட்டுவைத்தால், ஒழுகுகிற எண்ணெய் புது ரப்பரைத் தின்றுவிடும். பையன் சுத்தியலோடு வந்தான். அதையும் வாங்கி ஓரமாக வைத்தார். அடித்து ஏற்றினால் அந்த அடி கிராங்க்கின் உள் பேரிங்கில் போய் விழும். சாவிக்காடியைச் சரியாகப் பொருத்தி, திருகி இழுக்கும் கருவியால் மெல்ல மெல்ல ஏற்றினார்கள். புது போல்ட். டார்க் ரெஞ்ச் வைத்து மானுவலில் சொன்ன அளவு முறுக்கி, அதற்கு மேல் சொன்ன டிகிரி திருப்பினார்கள். "கை பலத்துக்கு முறுக்கினா போதாதா பெரியவரே?" என்று பையன் கேட்டதற்கு, "உன் கை பலம் மானுவல்ல போடலைப்பா" என்றார்.

எஞ்சின் ஓடியது. ரியர்வியூ கண்ணாடியில் ஷெட்டுக் கதவு ஒரே கதவாக நின்றது. அணில் வீட்டைக் காலி செய்துவிட்டது.

பில்லைப் பார்த்தேன். டேம்பர் 4,200, ஸீல் 350, போல்ட் 180, பெல்ட் 1,150, கூலி 1,500. மொத்தம் 7,380. தெரியாமல் செலவழித்ததைவிடத் தெரிந்து செலவழித்தது 2,170 ரூபாய் குறைவு.

பணத்தை எண்ணி வாங்கிக்கொண்டே மெக்கானிக் கேட்டார். "சார், அப்பா எங்க வேலை செஞ்சாரு?"

"எஸ்டேட்ல. ரப்பர் கம்பெனி. மோல்டிங் பிரஸ் ஆபரேட்டர்" என்றேன்.

சொல்லி முடிக்க ஐந்து நொடிகூட ஆகவில்லை. அப்பா கை கழுவிக்கொண்டிருந்தார். காதில் விழுந்ததா என்று தெரியவில்லை. கொஞ்சம் அதிக நேரம் கழுவினார்.

வீட்டுக்கு வந்து டிக்கியைத் திறந்தபோது அந்தப் பிளாஸ்டிக் பை கண்ணில் பட்டது. மூன்றாவது டாக்டர் கழற்றித் தந்த எஞ்சின் மவுன்டிங். அப்பா வெளியே எடுத்து, கட்டைவிரலால் இரண்டு இடத்தில் அழுத்திப் பார்த்தார்.

"இதை ஏண்டா கழட்டினே? நல்ல ரப்பர். இன்னும் நாலு வருஷம் வந்திருக்கும்."

3,600 ரூபாய்! எனக்கு டெம்பர் எகிறியது. அந்த மவுன்டிங் இப்போது எங்கள் வீட்டு ஹால் கதவுக்கு அண்டை கொடுத்துக்கொண்டிருக்கிறது. எவ்வளவு காற்றடித்தாலும், நான் எவ்வளவு கோபத்தோடு தள்ளினாலும், கதவு சத்தமே போடுவதில்லை.